வளர்ந்தவர் விளையாட்டு

என்னிடம் முன்பு தமிழ் படித்த மாணவி ஒருத்தி இப்பொழுது அமெரிக்காவில் பணிபுரிகிறாள். சென்ற ஆண்டு அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஓர் இளைஞரோடு பழகி வருவதாகவும், இருவரும் மணம் செய்துகொள்ள எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தாள். நல்ல குணம், நல்ல உத்தியோகம், குடிப்பழக்கம் இல்லை. "ஆனால், ஐயா, முப்பத்திரண்டு வயதிலும் அவர் இரவு நெடுநேரம் வீடியோ விளையாட்டு ஆடுகிறார். மனம் முதிராதவர் என்று ஒதுக்கிவிடுவதா? நம்பி மணப்பதா?" என்பது அவள் கேள்வி.

நான் அன்றே விடை எழுதிவிட்டேன். கோலி ஆடும் பருவம் கடந்தும் கோலியை விடாதவன் குடும்பப் பொறுப்பைத் தாங்கமாட்டான் என்பது அதன் சாரம். அனுப்புவதற்கு முன் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை சதுரங்கம் ஆடப் போய், சோறு ஆறி அவலாய்ப் போன பிறகு வீடு திரும்புகிறவருக்கு வயது என்னவாம்?" என்றாள். அந்தக் கடிதம் போகவில்லை. அதன்பின் சில வாரங்கள் இந்தப் பொருளைப் பற்றிப் படித்தேன். ஆடத் தெரிந்த இளைஞர்களையும் கேட்டேன். அவ்வாறு அறிந்தவற்றையே உங்களுக்குச் சொல்லுகிறேன். உங்களுள் பலர் இவ்விளையாட்டை என்னைவிட நன்கு அறிவீர்கள். நான் தவறிய இடத்தில் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ விளையாட்டு சிறுவர்க்கே உரியது என்று நான் எண்ணியது முதல் தவறு. 1972ஆம் ஆண்டில் அட்டாரி என்ற நிறுவனம் 'பாங்' என்னும் விளையாட்டைச் செய்தது. திரையில் இரண்டு கோடுகள், நடுவே ஒரு புள்ளி, மேசைப்பந்து ஆட்டந்தான். அதன் முதல் இயந்திரத்தைக் கலிபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில் ஒரு மதுக்கடையில் கொண்டுபோய் வைத்தார்கள். சில நாட்களில் இயந்திரம் நின்றுவிட்டது என்றும், திறந்து பார்த்தபோது உள்ளே காசு நிரம்பிப் பெட்டி அடைத்திருந்தது என்றும் கூறுவார்கள். மதுக்கடையில் காசு போட்டு ஆடியவர்கள் குழந்தைகளா? அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின், ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோவின் பெட்டி வீட்டுக்கூடத்துக்கு வந்தபோதுதான் அது பிள்ளைகளின் உடைமை ஆயிற்று. அந்தப் பிள்ளைகளும் வளர்ந்தார்கள், ஆட்டத்தை விடவில்லை. இன்று அமெரிக்காவில் இவ்விளையாட்டை ஆடுவோரின் சராசரி வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆகவே ஒருவர் ஆடுகிறார் என்பதைக் கொண்டு அவர் மன முதிர்ச்சியை அளக்க முடியாது.

அப்படியானால் வீட்டில் சச்சரவு ஏன் வருகிறது? எந்த விளையாட்டு என்று கேட்க வேண்டும். சதுரங்கத்துக்கு முடிவு உண்டு; அரசன் சிக்கினால் எழுந்துவிடலாம். தனியாக ஆடும் வீடியோ விளையாட்டுகளுட் பெரும்பாலானவற்றை நடுவில் நிறுத்தி வைக்கலாம். ஆனால் மாணவி குறிப்பிட்டது வேறு வகை. 2004ஆம் ஆண்டு நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்பது அதன் பெயர். மாதந்தோறும் கட்டணம் செலுத்தி, உலகெங்கும் உள்ளவர்கள் இணையத்தின் வழியே ஒரே கற்பனை நாட்டில் நடமாடுகிறார்கள். நாம் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் அந்த நாடு தூங்குவதில்லை.

அந்த நாட்டில் 'ரெய்ட்' என்றொரு படையெடுப்பு உண்டு. தொடக்கக் காலத்தில் அதற்கு நாற்பது பேர் வரை கூடினார்கள். 2007க்குப் பிறகு இருபத்தைந்து, பத்து என்று தொகை குறைந்தது. ஒருவர் பகைவனின் அடியைத் தாம் வாங்கிக்கொள்வார், சிலர் அடிபட்டவர்க்கு உயிரூட்டுவார்கள், மற்றையோர் தாக்குவார்கள். உயிரூட்டுபவர் ஒரு நிமிடம் எழுந்து போனால் படை முழுவதும் மடியும். மீண்டும் தொடக்கத்திலிருந்து வரவேண்டும். இப்பொழுது அடுக்களையிலிருந்து ஒரு குரல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "சாப்பிட வாருங்கள்" என்று அழைப்பவர் ஒருவர். "போகாதே" என்று காத்திருப்பவர் முப்பத்தொன்பது பேர். அவர் எழாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணம் அன்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார்! கடமையுணர்ச்சி மிகுந்தவரே இங்கு அதிகமாக அகப்பட்டுக்கொள்வதைக் கண்டு நான் வியந்தேன். முதிர்ந்தவர் என்று நாம் யாரைப் போற்றுவோமோ, அவர்தாம் நாற்காலியைவிட்டு எழமாட்டார்.

இதற்கு முன்னரே, 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்' என்ற விளையாட்டில் ஆழ்ந்துபோனவர்களின் மனைவிமார் இணையத்தில் கூடித் தங்களை 'எவர்குவெஸ்ட் கைம்பெண்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். கணவன் அடுத்த அறையில் உயிரோடு இருக்கும்போதே இப்பெயரைச் சூட்டிக்கொள்ள எவ்வளவு மனம் நொந்திருக்க வேண்டும்!

2012ஆம் ஆண்டில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தார் இத்தகைய விளையாட்டு ஆடும் குடும்பங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 349 தம்பதிகளை விசாரித்திருந்தார்கள். ஆடுபவரின் துணைவருள் நூற்றுக்கு 75 பேர், தம் துணை விளையாட்டுக் குழுவுக்குச் செலுத்தும் முயற்சியைக் குறைத்து மணவாழ்க்கைக்குச் செலுத்த வேண்டும் என்று விரும்பினர். ஆனால் இருவரும் ஆடும் குடும்பங்களில் 76 பேர், விளையாட்டு தங்கள் உறவுக்கு நன்மையே செய்தது என்றனர். எத்தனை மணி நேரம் ஆடுகிறார் என்ற கணக்கைவிட, அதனால் சண்டை எழுகிறதா, இருவரும் ஒரே வேளையில் உறங்கச் செல்கிறார்களா, பேச்சுக் குறைந்துவிட்டதா என்பவையே பெரிதாக நின்றன. உறங்கும் வேளை என்பது சிறு செய்தி போலத் தோன்றும். பகலெல்லாம் வேலையில் பிரிந்திருக்கும் இருவர் மனம்விட்டுப் பேசுவதற்கு எஞ்சியிருப்பது அந்தக் கால்மணி நேரந்தான் என்பது மணமானவர்களுக்குத் தெரியும்.

உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்றைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்க்க 2019இல் ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்றெல்லாவற்றையும் பின்தள்ளுதல், கேடு விளைந்தும் விடாமை ஆகியவை அதன் குறிகள். அவையும் பொதுவாக ஓராண்டு நீடித்து, வாழ்க்கையைப் பெரிதும் குலைத்திருக்க வேண்டும். பத்திரிகையில் படித்துவிட்டு வருங்காலக் கணவருக்கு நாமே நோய்ப்பெயர் சூட்டுவது தகாது.

இருவர் கூடினாலன்றி ஆடவே முடியாத விளையாட்டும் உண்டு. சுவீடன் நாட்டு ஹேஸ்லைட் நிறுவனம் 2021இல் 'இட் டேக்ஸ் டூ' என்ற ஒன்றை வெளியிட்டது. மணவிலக்குப் பெற இருக்கும் கணவனும் மனைவியும் பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள். ஓரிடத்தில் கணவனிடம் ஆணி இருக்கிறது; மனைவியிடம் சுத்தியல். அவன் சுவரில் ஆணி எறிந்தால்தான் அவள் அதில் சுத்தியலை மாட்டி ஊஞ்சலாடி அப்பால் செல்ல முடியும். இதை மருந்து என்று சொல்லமாட்டேன். நன்றாக ஆடத் தெரிந்தவர், தெரியாதவர் கையிலிருந்து கருவியை வெடுக்கென்று பிடுங்கினால், மணவிலக்கு விரைந்தே வரக்கூடும்.

கடைசியாக என் மாணவிக்கு எழுதினேன்: "அவர் ஆடும்போது ஒருநாள் அருகில் உட்கார்ந்து பார். பிறகு சாப்பிடக் கூப்பிடு. என்ன நடக்கிறது என்று எனக்கு எழுது."

விடை வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அவர் இவளுக்கு ஒரு நாற்காலி போட்டு, யார் யார் எந்த ஊர், எவர் என்ன பணி செய்பவர் என்றெல்லாம் ஆர்வத்தோடு விளக்கினாராம். ஒன்பது மணிக்கு அழைத்தாளாம். "பத்து நிமிடம்" என்றாராம். வந்தபோது மணி ஒன்பது நாற்பது. ஆறிப்போன தோசையைக் குறை சொல்லாமல் தின்றுவிட்டு, இனி வாரத்தில் ஓர் இரவுதான் வர இயலும் என்று குழுத் தலைவருக்கு அவள் எதிரிலேயே எழுதி அனுப்பினாராம். நாள் இன்னும் குறிக்கவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

கடிதத்தை என் மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நாற்பது நிமிடந்தானா?" என்றாள்.