இருமுறை மின்னியதா?

"விளக்கு ஒருமுறை மின்னிற்றா, இருமுறை மின்னிற்றா?" என்று சட்டத்தரணி உறுக்குகின்றார். "இருமுறை, ஐயா, என் கண்ணாற் கண்டேன்" என்கின்றார் சாட்சி. அவர் பொய் கூறவில்லை. எனினும் பிழை கூறியிருத்தல் கூடும்.

2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றிலே ஒளி ஒருமுறைதான் மின்னியது. கூடவே இரண்டு சிற்றொலிகள் அடுத்தடுத்து எழுந்தன. பார்த்தவர்களோ ஒளியும் இருமுறை மின்னியதாகவே கூறினர். சூட்சுமத்தை அறிந்த பின்னரும் மயக்கம் நீங்கவில்லை! செவி கேட்டதைக் கண் தன் கணக்கிலே சேர்த்துக்கொண்டது.

இரண்டை ஒன்றாகக் காண்பதும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் நான்சி கன்விஷர் 1987 இல் வாக்கியங்களின் சொற்களை, ஒவ்வொன்றும் செக்கனின் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே நிற்குமாறு, திரையிலே ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். "மை சிந்தியதால் சட்டையெல்லாம் மை" என்பது போன்ற வாக்கியமென வைத்துக்கொள்வோம். வாக்கியம் முடமாய் நின்றபோதும், பலர் இரண்டாவது மையை விட்டுவிட்டே ஒப்புவித்தனர். "இது மை" என மனம் உணர்ந்துகொள்ளும். "இது மற்றுமொரு மை" எனத் தனியே பதிந்துகொள்ள அவகாசம் போதாது என்பது அவர் விளக்கம். விரைந்து ஒலிக்கும் சொற்களைக் கேட்கும் செவிக்கும் இக்குறை உண்டெனப் பின்வந்தோர் கண்டனர். வேகத்தைத் தணித்தாலோ, விடுபட்ட சொல் மீண்டும் தென்படுகின்றது.