லீ-என்ஃபீல்டு துப்பாக்கி: மூலப் பாகங்களும் கட்டைச் சேதமும்

லீ-என்ஃபீல்டு என்பது பிரித்தானியப் பேரரசின் படைகள் பயன்படுத்திய, .303 அங்குலத் தோட்டாவுக்கான ராணுவத் துப்பாக்கி ஆகும். இதன் குட்டை வடிவத்தின் மூன்றாம் வகை (மார்க் 3) 1907-இல் ஏற்கப்பட்டது. இங்கிலாந்தின் என்ஃபீல்டு, ஆஸ்திரேலியாவின் லித்கோ, வங்காளத்தின் இஷாப்பூர் முதலிய இடங்களில் இது தயாரானது. நெடுங்காலம் பயன்பட்டு, பலமுறை பழுது பார்க்கப்பட்டதால், எந்தப் பாகம் முதலில் இருந்தது, எது பின்னர் மாற்றப்பட்டது என்று பிரித்தறிய வேண்டியுள்ளது.

எண்களும் முத்திரைகளும்

பின்கட்டை பொருந்தும் இரும்புப் பகுதியின் வலப்புறத்தில் கிரீடம், அரசரின் பெயர்ச் சுருக்கம், ஆலை, ஆண்டு, வகை ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். வரிசை எண் உடற்பகுதி, குழல், போல்ட்டின் கைப்பிடி, பின்புறக் குறிபார்க்கும் தகட்டின் அடிப்பக்கம், முன்மூடி ஆகியவற்றில் காணப்படும். இவை ஒத்திருந்தால் அப்பாகங்கள் ஒரே துப்பாக்கியைச் சேர்ந்தவை எனக் கொள்ளலாம்.

எண் மாறினால் உடனே போலி என்று முடிவு கட்டக்கூடாது. படைப் பணிமனைகளிலேயே பாகங்கள் மாற்றப்பட்டதுண்டு. ஆயினும் போல்ட்டின் எண் மாறியிருப்பது கவனத்துக்குரியது. போல்ட் அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்தப்பட்டது. வேறொன்றின் போல்ட்டால் தோட்டாவின் பின்னே இடைவெளி அதிகமானால், சுடும்போது தோட்டாவின் பித்தளை உறை கிழியக்கூடும். ‘டி.பி.’ என்ற முத்திரை, துப்பாக்கி அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டுமே, சுடுவதற்கு அன்று என்பதைக் குறிக்கும்.

கட்டையின் சேதங்கள்

இத்துப்பாக்கியின் பின்கட்டையும் முன்கட்டையும் தனித்தனி மரத்துண்டுகள். படைவீரரின் கைநீளத்திற்கேற்பப் பின்கட்டை பல அளவுகளில் செய்யப்பட்டது. ஆகவே நீளம் வேறுபடுவது குறையாகாது.

சுடும்போது எழும் பின்னுதைப்பை முன்கட்டையின் பின்பகுதி தாங்குகிறது. பல்லாண்டு எண்ணெய் ஊறினாலோ, மரம் சுருங்கினாலோ அங்கே விரிசல் விடும். இஷாப்பூர்த் துப்பாக்கிகள் பலவற்றில் முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகாணி காணப்படும். அது விரிசலைத் தடுக்கப் படைத்துறை செய்த வலுவூட்டல்; பிற்காலத்தில் எவரோ போட்ட ஓட்டை அன்று. உடைந்த இடத்தில் நேர்த்தியாகப் பதித்த மரத்துண்டும் பெரும்பாலும் அத்தகைய பழுதுபார்ப்பே.

உண்மையான இழப்பு இருவகையில் நேர்கிறது. ஒன்று, வேட்டைக்கு ஏற்ப முன்கட்டையைக் குறுக்கி வெட்டுவது. மற்றொன்று, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது. தேய்த்த கட்டையில் முத்திரைகள் மங்கி, விளிம்புகள் உருண்டு, மரம் இரும்பைவிடத் தாழ்ந்து நிற்கும்.

பாதுகாத்தல்

கீறலும் கறையும் அப்பொருள் கடந்து வந்த காலத்தின் சான்றுகள். எனவே முத்திரைகளையும் எண்களையும் முதலில் படமெடுத்துக் குறித்துக்கொண்டு, மென்துணியால் தூசியை மட்டும் துடைப்பதே நலம். விரிசலைப் பிறகும் சீராக்கலாம். தேய்ந்துபோன முத்திரையை மீட்க முடியாது.