கட்டடம் பிறகு வரட்டும்

திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்கப் படியேறுகிறவர்கள் வழியில் ஒரு குடைவரையைக் கடந்து போகிறார்கள். முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் அது. உள்ளே ஒரு சுவர் முழுக்கக் கங்காதரர். உயர்த்திய கையில் சடைக்கற்றை, அதில் கைகூப்பியபடி இறங்கும் கங்கை, பாதத்தைத் தாங்கும் பூதகணம், கீழே முழந்தாளிட்ட அடியவர்கள். அங்குள்ள தூண் கல்வெட்டு ஓர் அழகான காரணம் சொல்கிறது. தரையில் இருந்துகொண்டு சோழநாட்டையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்டாராம். அதனால்தான் அரசன் மலைமேல் வீடு அமைத்துக் கொடுத்தானாம். மகேந்திரன் ‘சித்திரகாரப்புலி’ என்று பட்டம் சூடிக்கொண்டவன். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் செய்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்பட்டவன். நாம் இன்று தொல்லியல் சின்னம் என்று பலகை வைத்திருக்கும் இந்தக் குடைவரை, அவன் நாளில் துணிச்சலான நவீனக் கலை. பார்ப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற ஆசையும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1,400 ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிறது.

அப்படிப்பட்ட திருச்சியில் தற்காலக் கலைக்கென்று ஓர் அருங்காட்சியகம் இல்லை. துறையூர்ப் பக்கம் கீரம்பூரில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலம் இந்தியாவின் முன்னணி நவீன ஓவியர்களில் ஒருவரானார். அவருடைய கோடுகளைத் தமிழர்கள் அதிகம் பார்த்தது ஓவியக் கூடத்தில் அல்ல, பத்திரிகையில். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ வந்தபோது அவருடைய ஓவியங்களும் சேர்ந்து வீட்டுக்கு வந்தன. இன்னும் பின்னால் போனால், 19ஆம் நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் காக்காப்பொன் தகடுகளில், அதாவது மைக்காவில், தொழில்களையும் திருவிழாக்களையும் மனிதர்களின் உடைகளையும் தீட்டி ஆங்கிலேயருக்கு விற்றார்கள். அந்தத் தகடுகள் இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கலைஞர்களுக்கு இந்த ஊரில் என்றும் குறைவில்லை. தன் காலத்துக் கலையைத் தன் மக்களோடு உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாடுதான் இல்லை. அந்த ஏற்பாட்டுக்கு முதலில் தேவைப்படுவது கட்டடமல்ல, எல்லா வயதினருக்குமான கல்வித் திட்டம் என்பதே என் வாதம்.

கலையைப் பார்ப்பதால் என்ன கிடைத்துவிடும் என்ற கேள்விக்கு ஓரளவு உறுதியான விடை இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பென்டன்வில் என்ற சிற்றூரில் 2011இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க விண்ணப்பித்த பள்ளிகள் இடத்துக்கு மேல் இருந்ததால் சீட்டுக் குலுக்கிப்போட்டு வரிசை கொடுத்தார்கள். ஜே கிரீன் தலைமையிலான ஆய்வாளர்கள் இந்தக் குலுக்கலையே சோதனையாக்கிக்கொண்டார்கள். 123 பள்ளிகள், 10,912 மாணவர்கள். போய்வந்தவர்களிடமும் இன்னும் முறை வராதவர்களிடமும் முன்பின் பார்த்திராத ஓர் ஓவியத்தைக் காட்டி எழுதச் சொன்னார்கள். போய்வந்தவர்கள் கூடுதலாகக் கவனித்தார்கள், சொன்னதற்குப் படத்திலிருந்தே ஆதாரம் காட்டினார்கள். சராசரி வித்தியாசம் சிறியதுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், கிராமப்புற மாணவர்களிடம் அந்த வித்தியாசம் சராசரியைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. இத்தனையும் அரை நாள் பயணத்தின் விளைவு. அமெரிக்கக் கணக்கு நமக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். எண்களை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. ஆனால், இதுவரை வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கே அதிகப் பயன் என்ற போக்கு, துறையூரும் மணப்பாறையும் முசிறியும் அடங்கிய ஒரு மாவட்டம் ஊன்றிப் படிக்க வேண்டியது. இங்கும் அதேபோல் குலுக்கிப்போட்டு அளந்து பார்க்கலாம். அதற்குச் செலவு மிகக் குறைவு.

அந்த அரை நாளில் நடப்பது மந்திரமல்ல. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும் உருவாக்கிய முறை ஒன்று உலகெங்கும் புழங்குகிறது. அதன் அடிப்படை மூன்றே கேள்விகள்: இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? கங்காதரர் முன்னால் இதைக் கேட்டுப் பாருங்கள். ஆறு வயதுக் குழந்தை பூதகணத்தைப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு கனம் தாங்குகிறவன் முகத்தில் வலி இருக்கிறதா இல்லையா என்று கேட்கும். கல்லூரி மாணவிக்கு, சிற்பத்தில் இருப்பது கங்கை, கல்வெட்டில் இருப்பது காவிரி, ஏன் என்று தோன்றும். ஓய்வுபெற்ற ஒருவருக்குப் புராணம் முழுக்கத் தெரிந்திருக்கும். அவருக்கு இரண்டாவது கேள்விதான் பெரிய பயிற்சி, தெரிந்ததைச் சொல்லாமல் கண்முன் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்பதால். மூவரையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் ஒருவர் கண் இன்னொருவருக்கு உதவும். ‘எல்லா வயதினருக்கும்’ என்பதை நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். முதியோர் பக்கத்தைத் தனியாகவும் சொல்ல வேண்டும். அதே நியூயார்க் அருங்காட்சியகம் 2006 முதல் மறதி நோயாளிகளையும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களையும் ஒன்றாக அழைத்து ஓவியங்களின் முன் உட்கார வைத்தது. இரு தரப்பினரின் மனநிலையும் தேறியதாக நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு பதிவு செய்தது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வீதிக்கு வீதி முதியவர்கள் தனித்திருக்கும் ஸ்ரீரங்கத்துக்கு இந்தச் செய்தி முக்கியம்.

இதெல்லாம் இங்கே ஏற்கெனவே நடக்கிறதே என்று சொல்வார்கள். ஜவகர் சிறுவர் மன்றத்தில் ஓவிய வகுப்பு உண்டு. அரசு அருங்காட்சியகங்கள் மாணவர்களுக்குப் போட்டியும் கோடைப் பயிற்சியும் நடத்துகின்றன. அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா வந்திருக்கிறது. இவற்றில் உழைப்பவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், இவை பெரும்பாலும் வரையக் கற்றுக்கொடுப்பவை, பரிசில் முடிபவை. பரிசு வாங்காத பிள்ளை, எனக்குப் படம் வராது என்று அன்றோடு விலகிவிடுகிறது. பார்ப்பதற்கு அந்தத் திறமை வேண்டியதில்லை. பள்ளிகளின் நிலைமையும் நினைவில் இருக்கட்டும்: 2012இல் ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் மூன்றுக்கும் சேர்த்துத் தமிழகம் நியமித்த 16,549 பேரும் பகுதிநேர ஆசிரியர்கள். டிராயிங் மாஸ்டரே முழுநேரம் இல்லாத பள்ளியிடம் இந்தப் பொறுப்பையும் சுமத்த முடியாது.

இன்னொரு மறுப்பு கனமானது. ஸ்ரீரங்கம் பெரிய கோயிலை ஓவிய வகுப்பாக்கலாமா? பக்தர் கும்பிடும் இடத்தில் கும்பலாக நின்று கேள்வி கேட்பது மரியாதையா? இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். சந்நிதி சந்நிதியாகவே இருக்க வேண்டும். ஆனால், கோயிலே தன் கலையைக் காட்டவும் இடம் வைத்திருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்தின் தந்தச் சிற்பங்களில் நாயக்க அரசர்களும் அரசிகளும் நிற்கிறார்கள். சேஷராயர் மண்டபத்தின் பாயும் குதிரைகள் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கின்றன. கோயிலின் புனரமைப்புப் பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. பழைய கல்லை எப்படி மீட்டார்கள், எதை மாற்றவில்லை என்பதே ஒரு முழுப் பாடம். பூசைக்கும் கூட்டத்துக்கும் இடையூறில்லாத நேரத்தை வகுப்பது நிர்வாகத்தால் ஆகாத காரியமல்ல.

நவீன ஓவியம் சாதாரண மக்களுக்குப் புரியாது என்பவர்களுக்குத் திருவெறும்பூரைக் காட்டுவேன். பெல் கொதிகலன் ஆலையும், அதைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும், 1975இல் அங்கே தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் திருச்சியை வெல்டிங் ஊராக்கியிருக்கின்றன. தமிழக நவீனச் சிற்பத்தின் பெரிய சாதனைகளில் ஒன்று அதே கையால் செய்யப்பட்டது. சென்னை அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துத்தான் தன் சிற்பங்களை எழுப்பினார். அப்படி ஒரு சிற்பத்தின் முன் ஒரு வெல்டரையும் ஒரு கலை விமரிசகரையும் நிறுத்தினால், எந்த இணைப்பை மறைத்திருக்கிறார், எதை வேண்டுமென்றே தெரிய விட்டிருக்கிறார், சூட்டில் தகடு எங்கே நெளிந்தது என்பதை வெல்டர்தான் முதலில் சொல்வார். தொழில் அறிவு கலையறிவாக மாறும் அந்த இடத்தில் அவருக்கு விளக்கவுரை தேவைப்படாது. கேட்க ஓர் ஆள் போதும். பொன்மலை ரயில்வே பணிமனைக்காரருக்கும், சுதை வேலை செய்கிறவருக்கும், மார்கழியில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் புள்ளி பிசகாமல் கோலம் போடுகிற பெண்களுக்கும் இது பொருந்தும். கோடும் இடைவெளியும் சமச்சீரும் அவர்களுக்கு நாள்தோறும் பழகியவை.

பணம், இடம்? கொச்சியில் 2012இல் பினாலே தொடங்கியபோது அதற்கென்று அருங்காட்சியகம் எழுப்பவில்லை. ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் இருந்த பழைய கிடங்குகளைத் திறந்தார்கள். பிறகு மாணவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித் திட்டங்கள் வந்தன. நமக்குக் கிடங்கு தேடும் வேலைகூட இல்லை. மலைக்கோட்டை அடிவாரத்தில் நாயக்கர் தர்பார் மண்டபமான ராணி மங்கம்மாள் மகாலில்தான் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து குடைவரைக்கு நடந்தே போகலாம். இல்லாதது ஆள். காப்பாட்சியர் காப்பாற்றுகிறவர், பதிவேடும் பாதுகாப்பும் அவர் நேரத்தைத் தின்றுவிடும். கேள்வி கேட்கவும் கேட்டுக்கொள்ளவும் பயிற்சி பெற்ற ஒரு முழுநேரக் கல்வி அலுவலர், தூக்கிப்போக இருபது முக்காலி, ஆண்டுக்கு நான்கு தற்காலப் படைப்புகளைக் கடனாகக் கொண்டுவரக் காப்பீட்டுத் தொகை, கிராமத்துப் பள்ளிகளுக்குப் பஸ் கட்டணம். முதல் ஆண்டுக்கு இவை போதும். முதல் கடன் ஆதிமூலத்தின் கோட்டோவியம் ஒன்றாக இருக்கட்டும். முதல் பஸ் கீரம்பூரிலிருந்து புறப்படட்டும்.