மாறாதது எது?

குயவர் களிமண் உருண்டையைத் தட்டி அகலாக்கினால் அதன் வடிவம் மாறுகிறது, எடையோ மாறுவதில்லை. மாற்றத்தின் நடுவே மாறாது நிற்பதைத் தேடுவது இயற்கணிதத்திலும் ஒரு தனித்துறையாக வளர்ந்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ய² + 6ய + 5 என்னும் கோவையில் ய இருக்கும் இடத்தில் ய + 1 என்பதை இட்டால், அது ய² + 8ய + 12 ஆகிறது. எண்கள் மாறிவிட்டன. எனினும், நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து, முதல் எண், இறுதி எண் இவற்றின் பெருக்கற்பலனை நான்கு மடங்காக்கிக் கழித்துப் பாருங்கள். முன்னதில் 36 − 20 = 16; பின்னதில் 64 − 48 = 16. ய + 2 என இட்டாலும் 16 என்பதே கிடைக்கும். இவ்வாறு நிலைத்து நிற்பதை மாறாக்கோவை என்கிறோம்.

இங்கிலாந்தில் ஜார்ஜ் பூல் 1841இல் இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டார். ஆர்தர் கேலியும் சில்வெஸ்டரும் அதனை வளர்த்தனர். அப்போது ஒரு வினா எழுந்தது. மாறாக்கோவைகள் எண்ணிறந்தன, அவை அனைத்தையும் ஒரு சிலவற்றைக் கூட்டியும் பெருக்கியும் ஆக்கிவிட இயலுமா? இரண்டு மாறிகள் உள்ள கோவைகளுக்கு இயலும் என்று ஜெர்மானியர் பால் கோர்டன் 1868இல் நீண்ட கணக்குகளால் நிறுவினார்.

1890இல் டேவிட் ஹில்பர்ட், மாறிகள் எத்தனையாயினும் இயலும் என்று மெய்ப்பித்தார். ஆனால் அந்தச் சிலவற்றை அவர் எடுத்துக் காட்டவில்லை. அவை இருந்தே தீரும் என்று மட்டும் காட்டினார். 'உண்டு' என்றால் போதுமா, கண்டு காட்ட வேண்டாவா என்னும் ஐயம் எழுந்தது. 1893இல் அவற்றைக் காணும் வழியையும் ஹில்பர்ட்டே வகுத்தார். அத்துடன் இத்துறை முடிந்தது என்று பலர் எண்ணினர்.

ஆயினும் ஓர் இடர் எஞ்சியிருந்தது. ஹில்பர்ட்டின் வழியில் எண்களால் வகுக்க வேண்டும். வாரத்தின் கிழமைகள்போல் ஏழுக்கு ஒருமுறை சுழலும் எண்முறையில் 7 என்பது சுழியே; சுழியால் வகுத்தல் இயலாதன்றோ? இத்தகைய எண்முறைகளுக்கும் பொருந்தும் ஒரு கருதுகோளை 1965இல் டேவிட் மம்ஃபோர்டு வெளியிட்டார். அதனை மெய்ப்பிக்கும் முயற்சியில் தமிழர் ஒருவர் முன்னின்றார்.

திருமழிசை வழியே மேற்கே செல்லும் பெருஞ்சாலை காஞ்சிபுரத்தை நோக்கிச் செல்கிறது. அக்காஞ்சியில் 1932இல் பிறந்தவர் சி. எஸ். சேஷாத்திரி. சென்னை இலயோலா கல்லூரியில் பயின்று, 1953இல் பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். மம்ஃபோர்டின் கருதுகோள் ஒரு முக்கிய வகைக்கு மெய்யாதலை அவர் நிறுவினார். 1975இல் ஹபூஷ் என்பவர் அதனை முழுமையாக நிறுவினார். 1977இல் சேஷாத்திரி அம்முடிவை மேலும் விரிவாக்கினார். பின்னர்ச் சென்னை திரும்பிய அவர் 1989இல் தொடங்கிய கணிதப் பள்ளியே, இன்று சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகமாக விளங்குகிறது. 2020இல் அவர் மறைந்தார்.

அறிவுலகில் ஒரு வினா முடிந்துவிட்டது என்று சொல்வது எளிது. அது எவ்வெல்லைக்குள் முடிந்தது என்று ஆராய்பவரே அடுத்த கதவைத் திறக்கிறார்.