பாதி நாள் வேலைக்கு கையெழுத்தா? கிராஜுவிட்டியில் ரூ.2 லட்சம் அம்போ! எண்ணூர் தொழிலாளர்களே, உஷார்!

எண்ணூர்:

ரிடையர் ஆக இன்னும் சில வருஷம் பாக்கி. முழு ஷிப்டு நிற்க முட்டி ஒத்துழைக்கவில்லை. பாதி நாள் வேலை, பாதி சம்பளம் என்று ஒப்புக்கொண்டு, அப்புறம் மெதுவாக விலகிக்கொண்டால் என்ன?

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் 50 வயதைத் தாண்டிய எந்தத் தொழிலாளிக்கும் வரக்கூடிய நினைப்புதான் இது. நினைப்பில் தப்பு இல்லை. ஆனால் அவசரப்பட்டு கையெழுத்து போட்டால், 30 வருஷம் உழைத்த காசில் ஓட்டை விழுந்துவிடும்!

அது எப்படி?

கடைசி சம்பளமே கணக்கு

கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடைக்கு ஒரு கணக்கு உண்டு. வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து ஒரு நாள் சம்பளத்தைப் பார்ப்பார்கள். 1972-ம் ஆண்டு சட்டத்தில் வந்த இந்த 15 நாள் கணக்கு, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

இதில்தான் சூட்சுமம். அந்த 15 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும். 30 வருஷம் முழுச் சம்பளம் வாங்கியது கணக்கில் நிற்காது!

ஒரு உதாரணம் பாருங்கள். ஒரு தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் ரூ.26 ஆயிரம். 30 வருஷ சர்வீஸ். இன்றைக்கே விலகினால் கிராஜுவிட்டி ரூ.4 லட்சத்து 50 ஆயிரம்.

அவர் விலகாமல், பாதி நாள் வேலைக்கு மாறி ரூ.13 ஆயிரம் சம்பளத்தில் இன்னும் 2 வருஷம் ஓட்டுகிறார். சர்வீஸ் 32 வருஷம் ஆகிவிட்டது. கிராஜுவிட்டி கூடியிருக்க வேண்டும் அல்லவா?

அதுதான் இல்லை! கைக்கு வருவது ரூ.2 லட்சத்து 40 ஆயிரம்தான். கூடுதலாக 2 வருஷம் உழைத்தும் ரூ.2 லட்சத்து 10 ஆயிரம் குறைந்துவிட்டது.

ஊனமானால் மட்டும் விலக்கு

வேலை செய்ய முடியாதபடி ஊனமாகி, குறைந்த சம்பள வேலைக்கு மாற்றப்பட்டவருக்கு மட்டும் 1972 சட்டம் இரக்கம் காட்டியது. ஊனத்துக்கு முந்தைய வருஷங்களுக்கு பழைய சம்பளம், பிந்தைய வருஷங்களுக்கு குறைந்த சம்பளம் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னது. சொந்த விருப்பத்தில் பாதி நாளுக்கு மாறியவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

தப்பிக்க வழி உண்டா? உண்டு. சட்டம் சொல்வதைவிட அதிகமாகத் தர தடை இல்லை. "முழு நேர வருஷங்களுக்கு முழுச் சம்பளக் கணக்கு" என்று தொழிற்சங்கம் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

பென்ஷனிலும் வெட்டு

பி.எப். பென்ஷன் 58 வயதில் கிடைக்கும். 10 வருஷ சர்வீஸ் இருந்து வேலையை விட்டவர் 50 வயதிலேயே கேட்கலாம். ஆனால் 58-க்கு எத்தனை வருஷம் குறைகிறதோ, ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. வெட்டியது வெட்டியதுதான், 58 வயதானதும் திரும்ப ஏறாது.

2014 செப்டம்பர் முதல் இந்தப் பென்ஷனுக்கு கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளம் பார்க்கப்படுகிறது. அதற்கு முன்பு 12 மாதச் சராசரிதான். ஆகவே கடைசி 5 வருஷத்தில் சம்பளம் ரூ.15 ஆயிரம் உச்சவரம்புக்குக் கீழே இறங்கினால் பென்ஷனும் இறங்கும்.

வி.ஆர்.எஸ். வாங்கினால்?

விருப்ப ஓய்வு என்ற வி.ஆர்.எஸ். வேறு கதை. வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 35 நாள் சம்பளம், பாக்கி இருக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 25 நாள் சம்பளம் என்பது பொதுத்துறையில் பிரபலமான 'குஜராத் பார்முலா'. 2020 ஜனவரி 31-ந்தேதி பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் ஒரே நாளில் 78 ஆயிரம் பேருக்கு மேல் வி.ஆர்.எஸ்.சில் வெளியேறினார்கள்.

வி.ஆர்.எஸ். தொகையில் ரூ.5 லட்சம் வரை வருமான வரி கிடையாது. அதற்கும் நிபந்தனை உண்டு. காலியான இடத்தை நிரப்பக்கூடாது. விலகியவரை அதே நிர்வாகத்தின் வேறு கம்பெனியில் வேலைக்கு வைக்கவும் கூடாது. "வி.ஆர்.எஸ். வாங்கிக்கோ, நம்ம இன்னொரு கம்பெனியில் பாதி நாள் வா" என்று யாராவது ஆசை காட்டினால், யோசித்துத் தலையாட்ட வேண்டும்.

இ.எஸ்.ஐ.யில் 5 வருஷத்துக்குக் குறையாமல் இருந்து வி.ஆர்.எஸ். வாங்கியவர், வருஷம் ரூ.120 கட்டி, தனக்கும் மனைவிக்கும் ஆஸ்பத்திரி வசதியைத் தொடரலாம்.

ஜெர்மனியில் எப்படி?

ஜெர்மனியில் 1996-ல் இதற்கென்றே தனிச்சட்டம் போட்டார்கள். வயதான தொழிலாளி வேலை நேரத்தைப் பாதியாக்கினால், முதலாளி பாதிச் சம்பளத்துக்கு மேல் குறைந்தது 20 சதவீதம் கூட்டித் தரவேண்டும். பென்ஷன் சந்தாவையும் கூடுதலாகக் கட்டவேண்டும். வேலை குறைந்ததற்காக முதுமை நாறிப் போகக்கூடாது என்பது அங்கே எண்ணம். இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை.

ஆற்றை நம்பலாமா?

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களில், பாதி நாள் கம்பெனி, பாதி நாள் வலை என்று ஒருவர் கணக்குப் போடலாம். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், முகத்துவாரத்தையும் வலைகளையும் படகுகளையும் நாசமாக்கியது. அதே மாதம் 26-ந்தேதி இரவு அம்மோனியா வாயு கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். ஆறு கைகொடுக்கும் என்று எழுதித் தர யாரும் இல்லை.

கம்பெனியும் நிரந்தரம் இல்லை. பெரம்பூர் பி அண்ட் சி மில் 1996-ல் மூடியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் நின்றது. ஆலை மூடும்போது தரும் நஷ்டஈடும் வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம்தான். பாதிச் சம்பளத்தில் இருக்கும்போது பூட்டு விழுந்தால், அதுவும் பாதி!

எனவே பாதி நாள் வேலைக்குப் போகுமுன் 3 கேள்வி கேட்க வேண்டும். கிராஜுவிட்டி எந்தச் சம்பளத்தில்? பென்ஷன் சராசரி எவ்வளவு குறையும்? இதெல்லாம் எழுத்தில் வருமா?

பதில் காகிதத்தில் வந்த பிறகு பேனாவைத் திறக்கலாம்.