காட்டுத் தீயும் மாநில உடன்படிக்கையும்

அண்டை வீட்டில் தீப்பற்றினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் எவரும் பத்திரம் எழுதிக் கையெழுத்திடுவதில்லை. ஆனால் ஓடுகிறவர் ஓர் அரசாங்கத்தின் சிப்பந்தி, அவர் கொண்டு செல்வது பொதுப் பணத்தில் வாங்கிய இயந்திரம், எரிவதோ வேறோர் அரசாங்கத்தின் காடு என்று வரும்போது நல்லெண்ணம் ஒன்றினால் மட்டும் காரியம் நடந்துவிடாது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மாநிலங்கள் இதனை உணர்ந்து செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டைக் கூட்டுறவாளர்களாகிய நாம் அறிந்துகொள்வது தகும்.

அந்நாட்டின் வடகிழக்குக் கோடியில் மெயின் என்னும் மாநிலம் உள்ளது. ஊசியிலை மரங்கள் அடர்ந்த, பனி மிகுந்த பிரதேசம் அது. 1947-ஆம் ஆண்டு அங்கே மழை பொய்த்தது. 108 நாட்கள் குறிப்பிடத்தக்க மழையே இல்லை. கிணறுகள் வற்றின, உதிர்ந்த சருகெல்லாம் பொரிபொரியாய்க் காய்ந்து கிடந்தது. அக்டோபர் மாதத்தில் பல இடங்களில் ஒரே சமயத்தில் தீ மூண்டது. 23-ஆம் தேதி காற்று திடீரெனத் திசை மாறிப் புயலாக வீசவே, மௌன்ட் டெசர்ட் தீவிலே பார் ஹார்பர் நகரை நோக்கித் தீ பாய்ந்தது. சாலை அடைபட்டு, மக்கள் கடற்கரைத் துறையில் கூடி நின்றனர். பக்கத்து ஊர்களின் மீனவர் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து, கொந்தளிக்கும் கடலில் பலரை ஏற்றிச் சென்று காத்தனர். அவர்களுக்கு எந்த உடன்படிக்கையும் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தீ அடங்கியபோது மெயின் மாநிலத்தில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் கருகியிருந்தது. 851 குடியிருப்பு வீடுகளும், கோடைக்கால விடுதி வீடுகள் 397-ம் சாம்பலாயின. சுமார் 2,500 பேர் வீடிழந்தனர். ஒன்பது ஊர்கள் பெரும்பாலும் அழிந்தன.

இவ்வளவு சேதத்திற்கு வறட்சி மட்டும் காரணமன்று. ஊர்ப்புறங்களில் தீயை அணைக்கும் பொறுப்பு அந்தந்த ஊரையே சார்ந்திருந்தது. ஓர் ஊரின் எல்லையைத் தீ தாண்டியதும், கட்டளையிடுவோர் யார், கூலி கொடுப்போர் யார் என்பன கேள்விகளாயின. மாநில எல்லையைத் தாண்டி ஆட்களை அழைப்பதோ இன்னும் சிக்கலான விஷயம்.

ஆகவே மெயின், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட், நியூயார்க் ஆகிய ஏழு மாநிலங்களுக்கென ஓர் உடன்படிக்கை வகுக்கப்பட்டது. அமெரிக்க அரசியல் சட்டப்படி, காங்கிரஸ் எனப்படும் மத்திய சட்டசபையின் இசைவின்றி ஒரு மாநிலம் மற்றொன்றோடு இவ்வாறு உடன்படலாகாது. 1949 ஜூன் மாதத்தில் அவ்விசைவு கிடைத்தது. காட்டுத் தீயைக் குறித்து அந்நாட்டு மாநிலங்கள் செய்துகொண்ட முதல் உடன்படிக்கை இதுவே.

சங்கத் துணைவிதிகளைப் படித்துப் பழகிய அங்கத்தினர்களுக்கு இதன் ஷரத்துக்கள் எளிதில் விளங்கும். ஒரு மாநிலம் உதவி கேட்டால், தன் சொந்தக் காப்புக்குப் பங்கமின்றி இயன்ற அளவு உதவுவது ஏனையவற்றின் கடமை. உதவ வந்தவர்கள், அழைத்த மாநில அதிகாரிகளின் கட்டளைக்குக் கீழ்ப்பட்டு வேலை செய்வர். அம்மாநிலச் சிப்பந்திகளுக்கு உள்ள அதிகாரமும் பாதுகாப்பும் இவர்களுக்கும் உண்டு. கூலி, சாப்பாடு, போக்குவரத்து, இயந்திரச் சேதம் ஆகிய செலவுகளை அழைத்த மாநிலம் ஈடு செய்ய வேண்டும்; உதவிய மாநிலம் விரும்பினால் அதனை நன்கொடையாக விட்டுவிடலாம். வேலையில் காயமுற்றாலோ இறந்தாலோ, அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உரிய நஷ்ட ஈட்டை அவரது சொந்த மாநிலமே, தன் மண்ணில் நேர்ந்த விபத்தைப் போலக் கருதி வழங்கும். கணவனை இழந்த பெண் அயல் மாநிலக் கச்சேரிப் படியேற வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது வேறொரு ஷரத்து என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்து மாநிலம் உதவும் என்ற தைரியத்தில் எந்த மாநிலமும் தன் சொந்தத் தீயணைப்பு ஆட்களையோ கருவிகளையோ குறைத்துக்கொள்ளக் கூடாது என்று அது கூறுகிறது. பங்குத் தொகை கட்டாமலே கடன் கேட்டு வருவோரைக் கண்ட சங்கச் செயலாளர்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. விலக விரும்பும் மாநிலமும் அறிவிப்புக் கொடுத்து ஆறு மாதம் பொறுத்தே விலக முடியும். தீக்காலத்தின் நடுவே கைகழுவ இயலாது.

காகிதத்தில் எழுதினால் மட்டும் போதுமா? 1904-இல் பால்டிமோர் நகரம் எரிந்தபோது, அயல் நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. அவற்றுள் பலவற்றின் குழாய் முனைகள் பால்டிமோரின் தண்ணீர்க் குழாய்களில் பொருந்தவில்லை. அச்சின் எண் வேறு, பாவின் கணக்கு வேறு என்றால் தறியில் என்ன நேரும் என்பது நெசவாளருக்குத் தெரியும். அது நகரத் தீயேயாயினும் காட்டுத் தீக்கும் அப்பாடம் பொருந்தும். அதனால்தான் வடகிழக்கு மாநிலங்கள் சேர்ந்து பயிற்சியும் நடத்துகின்றன.

1954-இல் தென் மாநிலங்களும் இத்தகைய உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. வடகிழக்கு உடன்படிக்கையில் அயல்நாடாகிய கனடாவின் மாகாணங்கள் சேர 1952-இலேயே காங்கிரஸ் வழிவிட்டது. 1970-ஆம் ஆண்டையொட்டிக் கியூபெக்கும் நியூ பிரன்ஸ்விக்கும் சேர்ந்தன. இன்று கடல் கடந்தும் ஆட்கள் செல்கின்றனர். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், தீயை அணைக்கச் சென்ற விமானம் விழுந்து மூன்று அமெரிக்கர் உயிர் நீத்தனர்.

தொலைவு கூடக்கூடக் கூலிக் கணக்கு மங்கலாகிறது. 2016-இல் கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்தில் போர்ட் மக்மரி பகுதி எரிந்தபோது, தென்னாப்பிரிக்காவிலிருந்து சுமார் 300 தீயணைப்பாளர் சென்றனர். எட்மன்டன் விமான நிலையத்தில் அவர்கள் பாடி ஆடிய காட்சி உலகெங்கும் பரவிற்று. சில நாட்களிலேயே அவர்கள் வேலையை நிறுத்தினர். நாளொன்றுக்கு 50 டாலர் படி என்பதில் 15 டாலரே அங்குக் கைக்கு வரும், மிச்சம் ஊர் திரும்பிய பின் என்பது ஏற்பாடு; அவர்கள் பொருட்டு மாகாணம் கொடுத்த தொகையோ அதைவிடப் பன்மடங்கு. அல்பர்ட்டாவின் முதலமைச்சர் ரேச்சல் நாட்லி, தம் மாகாணச் சட்டப்படி உழைத்த ஒவ்வொரு மணிக்கும் உரிய கூலி கிடைத்தாக வேண்டும் என்று அறிவித்தார். எனினும் அவர்கள் குறித்த காலத்துக்கு முன்பே ஊர் திரும்பினர். அரசுகளுக்கிடையே கணக்கு எழுதியிருந்தது. உழைப்பவன் அறியும்படி எழுதப்படவில்லை.

2023-இல் கனடா முழுவதும் காடுகள் எரிந்தபோது, தென்னாப்பிரிக்கத் தீயணைப்பாளர் பல அணிகளாக மீண்டும் அங்கே சென்று பணியாற்றினர்.