பொலிமர் களியும் பனிச்செதில் அலங்காரமும்

“வெப்பப்படுத்தும்போது இறுகுவதால் பொலிமர் களி ஒரு வெப்பமிறுகும் பிளாத்திக்காகும்.” இக்கூற்று சரியா, பிழையா எனக் கேட்டால் மாணவர்களில் அநேகர் “சரி” என்றே எழுதிவிடுவர். விடை பிழையாகும். ஏன் பிழை என்பதை விளங்கிக்கொள்வதற்குச் சிறுவர்கள் செய்யும் ஒரு கைவினைப் பொருளை எடுத்துக்கொள்வோம்.

ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய இடங்களில் டிசெம்பர் மாதத்தில் நத்தார் மரத்தில் தொங்கவிடுவதற்காகச் சிறுவர்கள் வெள்ளைப் பொலிமர் களியினால் பனிச்செதில்களைச் செய்வதுண்டு. பெயரில் களி இருந்தாலும் இது குயவர் பயன்படுத்தும் களிமண் அன்று. பொலிவைனைல் குளோரைட்டு (பி.வி.சி.) எனும் பல்பகுதியத்தின் மிக நுண்ணிய தூளும், நெகிழ்வாக்கி எனப்படும் எண்ணெய் போன்ற திரவமும், நிறப்பொருளும் சேர்ந்த கலவையே இது. நீர்க்குழாய்களையும் மின்கம்பிகளின் உறைகளையும் ஆக்கப் பயன்படும் அதே பி.வி.சி. தான். இதன் ஒருபகுதியம் வைனைல் குளோரைட்டு (குளோரோஎதீன்) என்பது உங்களுக்குத் தெரியும். ஜேர்மனியின் பொம்மைத் தயாரிப்பாளர் கேத்தே குரூசவின் மகள் தாம் உருவாக்கிய இத்தகைய களியை 1964 ஆம் ஆண்டில் எபர்ஹாட் பாபர் நிறுவனத்துக்குக் கையளித்தார். அதுவே பின்னர் ‘பீமோ’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். நுவரெலியாவில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. ஆனால் வானிலிருந்து விழும் பனிச்செதிலை நம்மில் பலர் படத்தில் மட்டுமே கண்டிருப்போம். பனிச்செதில் என்பது உறைந்த மழைத்துளி அன்று. முகிலில் உள்ள நீராவி, திரவ நிலையை அடையாமல் நேரடியாகத் திண்மமாகப் படிவதால் வளரும் பளிங்கே அது. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்புகளால் அறுகோண ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன. எனவே பளிங்கு வளரும்போது ஆறு மூலைகள் தோன்றி, அவற்றிலிருந்து ஆறு கிளைகள் நீள்கின்றன. செதில் ஏன் ஆறு மூலைகளைக் கொண்டிருக்கின்றது என்ற வினாவை யோகான்னசு கெப்ளர் 1611 இலேயே ஒரு சிறு நூலாக எழுதினார். அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநில விவசாயி வில்சன் பென்ற்லி, 1885 இல் நுணுக்குக்காட்டியுடன் புகைப்படக் கருவியை இணைத்துத் தனியொரு செதிலைப் படம்பிடித்தார். தம் வாழ்நாளில் 5000 இற்கும் மேற்பட்ட படங்களை எடுத்த அவரும் எட்டுக் கிளைச் செதிலைக் காணவில்லை. கடைகளில் விற்கும் சில அலங்காரங்களில் எட்டுக் கிளைகள் இருக்கும். அவை பார்வைக்கு அழகுதான், ஆனால் இயற்கையில் அப்படி இல்லை.

ஆறு கிளைகளையும் சரியாக அமைக்கக் கணித பாடத்தில் கற்ற அமைப்பே போதும். தாளில் 4 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வட்டமொன்றை வரைந்து, கவராயத்தின் அளவை மாற்றாமல் பரிதி வழியே வெட்டிச் சென்றால் ஆறு புள்ளிகள் கிடைக்கும். அடுத்துள்ள இரு புள்ளிகளும் மையமும் சேர்ந்து சமபக்க முக்கோணியாவதால் கிளைகளுக்கிடையே 60 பாகை கோணம் அமையும். களியைக் கையால் பிசைந்து இளக்கி, மெல்லிய திரிகளாக உருட்டி, வரைந்த கோடுகளின்மேல் வைப்பது ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கும் இயலும். சிறு கிளைகளை இரு பக்கமும் ஒட்டி, நூல் கோப்பதற்கான துளையை இப்போதே இட்டுவிட வேண்டும். மீதிக் களியைப் பொலித்தீன் பையில் வைக்கலாம். ரிஜிபோம் பெட்டியில் வைத்தால் நெகிழ்வாக்கி அப்பெட்டியையே இளக்கிவிடும்.

இனிச் சூடாக்குதல். பொதியில் குறிப்பிட்டுள்ள வெப்பநிலையில், வகையைப் பொறுத்து 110 தொடக்கம் 130 பாகை செல்சியசு வரையில், ஏறத்தாழ 30 நிமிடம் மின் போறணையில் வைக்கப்படும். அப்போது நடப்பது என்ன? சவ்வரிசியை நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த நீரில் மணிகள் வெவ்வேறாகக் கிடக்கும். கொதிக்கவைத்ததும் நீரை உறிஞ்சிப் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவ்வாறே பி.வி.சி. துணிக்கைகளும் வெப்பத்தில் நெகிழ்வாக்கியை உறிஞ்சிப் பருக்கின்றன. அயல் துணிக்கைகளின் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ள, தூளாக இருந்தது ஒரே திணிவாகின்றது. குளிர்ந்ததும் அது உறுதியடைகின்றது. நீர் ஆவியாகி உலர்வதால் இது இறுகுவதில்லை. சங்கிலிகளுக்கிடையே புதிய பங்கீட்டுவலுப் பிணைப்புகள் உருவாவதுமில்லை. வெப்பமிறுகும் பிளாத்திக்கான பேக்கலைற்றில் அத்தகைய குறுக்குப் பிணைப்புகள் உருவாகின்றன என்பதே வேறுபாடு. போறணையிலிருந்து எடுத்த சூட்டோடு செதில் இன்னும் வளையக்கூடியதாக இருப்பது இதற்குச் சான்றாகும். ஆகவே பொலிமர் களி வெப்பமிளகும் வகையையே சார்ந்தது.

“அப்படியாயின் மேலும் சூடாக்கி உருக்கலாமே?” என ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. பி.வி.சி. நன்றாக உருகி ஓடுவதற்கு முன்னரே பிரிகையடையத் தொடங்கும். வெள்ளைச் செதில் முதலில் மஞ்சளாகி, பின் கபில நிறமாகிக் கருகும். ஐதரசன் குளோரைட்டு வாயு வெளிவரும். ஈரமான நீலப் பாசிச்சாயத் தாளைச் சிவப்பாக்கும் இவ்வாயு, கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து ஐதரோகுளோரிக் அமிலமாகி எரிவை உண்டாக்கும். எனவே போறணையை இயக்குவது பெரியவர்களின் வேலை, சிறுவர்களுடையதன்று. போறணையின் குமிழ் காட்டும் அளவை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானியை வைப்பதும், செதிலை அலுமினியத் தாளால் மூடுவதும் நன்று. கருகிய மணம் வந்தால் போறணையை நிறுத்தி, யன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும். களிக்குப் பயன்படுத்திய தட்டையும் கத்தியையும் மீண்டும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது. நெகிழ்வாக்கிகளாகப் பயன்பட்ட சில தலேற்றுச் சேர்வைகளை விளையாட்டுப் பொருட்களில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடைசெய்தது.

பயிற்சி: சிறுமி ஒருத்தி செய்த பனிச்செதில், 130 பாகை செல்சியசில் 30 நிமிடம் வைக்கவேண்டியிருந்தும் 10 நிமிடத்தில் வெளியே எடுக்கப்பட்டது. குளிர்ந்தபின் அதன் கிளையொன்று இலேசாக வளைத்ததும் முறிந்தது. “கூடச் சூடாக்கியதால்தான் முறிந்தது” என்கிறான் அவளது அண்ணன்.

(அ) அண்ணனின் கூற்றை நீர் ஏற்கின்றீரா? துணிக்கைகளின் நிலையைக் கொண்டு விளக்குக.
(ஆ) எஞ்சிய ஐந்து கிளைகளும் முறியாமல் இருக்க இனி என்ன செய்யலாம்?

விடை: (அ) இல்லை. நேரம் போதாமையால் துணிக்கைகள் முற்றாக ஒன்றிணையவில்லை. அவற்றின் எல்லைகளிலேயே முறிவு ஏற்பட்டது. (ஆ) செதிலை அதே வெப்பநிலையில் மீண்டும் முழு 30 நிமிடமும் வைக்கலாம். முறிந்த கிளைக்குப் பதிலாகப் புதிய களியில் ஒன்றைச் செய்து ஒட்டியும் வைக்கலாம்.